தலைக்கணக்கும் தோட்டப் பாதையும்

"நம்ம டிவிசனுக்கு எப்ப ரோட்டு வரும்? எப்ப பஸ் வரும்?" தோட்டத்துக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பாதைக்கும் நம் ஆட்களின் தலைக்கணக்குக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதை இங்கே விளக்குகிறோம்.

தேயிலைக்காக வந்த பாதை

ரயில் 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. தோட்டத்து விளைச்சலைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதே அதன் முக்கிய வேலை. தோட்டத்துக்குள் வெட்டிய பாதைகளும் அப்படித்தான். கொழுந்து பெக்டரிக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். லயத்திலிருந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதையும், நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவதையும் நினைத்து வெட்டிய பாதைகள் அல்ல அவை. அதனால்தான் பல தோட்டங்களில் பெக்டரி வரை நல்ல ரோட்டும், மேல் டிவிசனுக்குக் கல்லு ரோட்டும் இருக்கின்றன.

சட்டத்தில் இருந்த தடை

கிராமத்துப் பாதையைப் பிரதேச சபை திருத்தும். ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் இருந்த விதத்தில், சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவு செய்வது தடைப்பட்டது. நாம் ஓட்டுப் போட்டுத் தெரிவு செய்த மெம்பருக்கே நம் லயத்துப் பாதையில் கை வைக்க வழியில்லை. 2018இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது தோட்டத்திலும் பாதை, கிணறு போன்ற பொது வசதிகளைச் சபை செய்து கொடுக்கலாம்.

எண்ணிக்கையின் பலம்

2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 7 லட்சத்து 11 ஆயிரம். அதில் பாதிக்கு மேல் தோட்டத்து ஆட்கள். நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு பிரிவுகளிலும் தலா 2 லட்சத்துக்கு மேல் சனம் இருந்தும், ஒவ்வொன்றுக்கும் ஒரே பிரதேச சபைதான். இந்தக் கணக்கை எடுத்துக் காட்டித்தான் கூடுதல் சபைகள் கேட்கப்பட்டன. நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்று இரண்டு சபை ஆறாகியது. 2018 பெப்ரவரியில் அவற்றுக்குத் தேர்தலும் நடந்தது.

2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2024இல்தான் தொடங்கியது. நாடு முழுவதற்குமான கணக்கு பொதுவாகப் பத்து வருடத்துக்கு ஒரு முறைதான். இடையில் நம் டிவிசன் கணக்கை நாமே எழுதி வைத்திருப்பது நல்லது.

நாம் செய்ய வேண்டியது

1. லயம் லயமாகக் குடும்பம் எத்தனை, ஆள் எத்தனை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், கர்ப்பிணித் தாய்மார், வயசானவர்கள் என்று பிரித்து எழுதுங்கள்.

2. மெயின் ரோட்டுக்கு எத்தனை கிலோமீற்றர், எந்த இடத்தில் பாதை உடைந்திருக்கிறது என்றும் குறியுங்கள்.

3. பாதைக்கான மனுவைப் பிரதேச சபைக்குக் கொடுங்கள். தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் பிரதி கொடுங்கள். நிலம் தோட்டத்தின் பொறுப்பில் இருப்பதால் துரையோடு முதலில் பேசிக்கொள்வது நல்லது.

4. பஸ் கேட்பதானால் இ.போ.ச. டிப்போவுக்கு எழுதுங்கள். தனியார் பஸ் என்றால் மாகாணப் போக்குவரத்து அதிகார சபை. காலையில் எத்தனை பேர், எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று காட்டினால்தான் பஸ் ஓடிக் கட்டுபடியாகுமா என்று பார்ப்பார்கள்.

5. கிராம சேவகர் வாக்காளர் பட்டியலுக்கு விபரம் கேட்கும்போது ஒரு பெயரும் விடுபடக் கூடாது.

பாதை என்பது உயிர்ப் பிரச்சினை. 1990 என்ற இலக்கத்துக்கு டெலிபோன் பண்ணினால் அம்புலன்ஸ் வரும். ஆனால் நல்ல பாதை முடிகிற இடத்தோடு அது நின்றுவிடும். அங்கிருந்து மேலே கம்பளியில் தூக்கி வருவது நம் ஆட்கள்தான். 2025 நவம்பரில் டித்வா புயல் நேரம் மண் சரிந்து பாதைகள் அடைபட்டபோது, வழி இல்லாத கஷ்டம் மலையகம் முழுவதும் தெரிந்தது.

"ரோட்டு சரியில்லைங்க" என்று வாயால் சொன்னால் அது அன்றோடு போய்விடும். "212 பேர், 64 பள்ளிப் பிள்ளைகள், 5 கிலோமீற்றர்" என்கிற மாதிரி எழுதிக் கொடுத்தால் அந்தக் கடிதத்துக்கு யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும். இந்த மாதமே ஒவ்வொரு டிவிசனிலும் படித்த பிள்ளைகள் இரண்டு பேரைப் பிடித்துக் கொப்பியைத் தொடங்குங்கள். மனு எழுத வெல்பெயார் ஒபிசில் நாங்கள் உதவி செய்வோம்.