தொரப்பள்ளிக்காரர் சொன்ன கதைகள்

ராஜாஜி என்றாலே கவர்னர் ஜெனரல், மதுவிலக்கு என்றுதான் பேச்சு போகும். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்காக அவர் எழுதியதைப் பற்றிச் சொல்கிறேன்.

ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10-இல் பிறந்தார். பிறந்த வீடு இன்று அரசு நினைவு இல்லம். ஓசூரில் பள்ளி, பெங்களூரில் சென்ட்ரல் காலேஜ், சேலத்தில் வக்கீல் தொழில். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்கிற ஊரில் வளர்ந்ததாலோ என்னவோ, எவருக்கும் புரியும்படி சொல்லவேண்டும் என்கிற பிடிவாதம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. ரசாயனத்தைக்கூட ‘திண்ணை ரசாயனம்’ என்று எழுதியவர்.

1940களில் மகாபாரதத்தை எடுத்தார். ‘வியாசர் விருந்து’ என்று புத்தகமானது. அவ்வளவு பெரிய காவியத்தைப் பிள்ளை கையில் எப்படிக் கொடுப்பது? சின்னச் சின்ன அத்தியாயங்களாகப் பிரித்தார். ஒவ்வொன்றும் தூங்கப் போகுமுன் படித்து முடிக்கிற அளவு. கிளைக்கதைகளையும் விடவில்லை. யவக்ரீதன் கதையைப் பாருங்கள். குருவிடம் படிக்காமல் தவத்தாலேயே வேதம் வரவேண்டும் என்று அடம்பிடிக்கிறான். இந்திரன் கிழவனாக வந்து, கங்கைக்குக் குறுக்கே அணை கட்டுவதாகச் சொல்லிக் கைப்பிடி கைப்பிடியாக மணலை அள்ளிப் போடுகிறான். ஏழு வயதுப் பிள்ளைக்கும் விஷயம் உடனே விளங்கிவிடும்.

இந்தக் கதையைச் சொன்னவர்தான் 1953-இல் முதலமைச்சராக, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரம் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்றார். ‘குலக்கல்வித் திட்டம்’ என்று தமிழ்நாடே எதிர்த்தது. எதிர்த்தது சரிதான். படிப்பை முதன்முதலாகத் தொட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம்தான் ஒரே சொத்து. அதில் கைவைத்தது பெரிய தவறு. 1954-இல் பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

அதே ஆண்டு ‘கல்கி’ இதழில் ராமாயணத்தைத் தொடங்கினார், வயது எழுபத்தைந்து. அது புத்தகமான ‘சக்கரவர்த்தித் திருமகன்’ 1958-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

அரசியலில் அவரோடு எனக்கு ஒத்துப்போகாதவை நிறைய. கதை சொல்வதில் அவருக்கு நிகரானவர் குறைவு. சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து களைத்து வந்தாலும் பத்து நிமிஷம் ஒதுக்கி, யவக்ரீதன் கதையை உங்கள் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள். அடுத்த நாள் பள்ளிக்கும் தவறாமல் அனுப்புங்கள்.