நிதி கேட்குமுன் உரியவரைக் கேளுங்கள்

 

மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைத்திட்டங்களுக்குத் தூதரகங்களும் தொண்டு நிறுவனங்களும் நிதியுதவி வழங்குகின்றன என்று கேள்வியுற்றதும், நம் கனமூலை போன்ற கரையோரக் கிராமங்களின் இளைஞர்கள் விண்ணப்பம் எழுத முற்படுகின்றனர். பாராட்டத்தக்க முயற்சிதான். ஆயினும் அவ்விண்ணப்பங்களின் முதல் வரி பெரும்பாலும் 'பத்துச் சக்கர நாற்காலிகள்' என்றே அமைந்துவிடுகிறது. மணல் ஒழுங்கையில் அந்நாற்காலி எவ்வளவு தூரம் நகரும்? அதில் அமரப்போகிறவரிடம் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

இத்பான் இப்னு மாலிக் (ரழி) அவர்களின் சம்பவத்தை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அவர் தம் கூட்டத்தாருக்குத் தொழுகை நடத்தி வந்தவர். பார்வை குன்றியது. மழை பெய்தால் இடையிலுள்ள பள்ளத்தாக்கில் வெள்ளம் ஓடும், கடக்க இயலாது. தம் வீட்டுக்கு வந்து ஓரிடத்தில் தொழுமாறும், அவ்விடத்தைத் தாம் தொழுமிடமாக ஆக்கிக்கொள்வதாகவும் நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினார். அண்ணலார் அபூபக்ர் (ரழி) அவர்களுடன் வந்தார்கள். உட்காருவதற்கு முன்னரே, வீட்டில் எந்த இடத்தில் தொழ வேண்டுமென விரும்புகிறீர் என்று வினவினார்கள். இத்பான் காட்டிய மூலையிலேயே தொழுதார்கள். இடத்தைத் தெரிவு செய்தவர் இத்பான்தான் என்பதைக் கவனியுங்கள். திட்ட முன்மொழிவு எழுதும் எவரும் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும்.

அரச நிதி மாற்றுத்திறனாளிகளுக்குச் செலவிடப்படுவது நமக்குப் புதிதன்று. கி.பி. 705 முதல் 715 வரை ஆண்ட உமையாக் கலீபா வலீத் இப்னு அப்துல் மலிக், நடக்க இயலாதவருக்குப் பணியாளரையும் பார்வையற்றவருக்கு வழிகாட்டியையும் நியமித்தார் என வரலாற்றாசிரியர் தபரி பதிந்துள்ளார்.

நம் நாட்டின் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர், அதாவது சுமார் 16 இலட்சம் பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதேனுமொரு சிரமம் உடையவர்களாகப் பதிவாகினர். நூறு பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர்! நம் ஜும்ஆவின் ஸஃப்புகளில் அவர்களைக் காண்கிறோமா? பெற்றோர்களே, விருந்தினர் வரும்போது உள்ளறைக்கு அனுப்பப்படும் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்பிள்ளையின் பெயர் எந்த முன்மொழிவிலும் இடம்பெறுவதில்லை. (வானொலியில் ஒலிக்கும் இவ்வுரையைச் செவிப்புலன் குன்றியவர் இந்நூலில்தான் வாசிக்க முடியும், பார்வையற்றவருக்கோ வானொலியே வாசல்.)

இனி, எந்தப் பணம் எதற்கு என்ற விளக்கம் அவசியம். மாற்றுத்திறன் என்பது மட்டும் ஒருவரை ஸகாத்துக்கு உரியவராக்காது. வசதி படைத்தவருக்கு அது சேராது. உழைக்க இயலாத ஏழையோ பகீர், மிஸ்கீன் என்ற வகையில் அடங்குவார். நம் ஷாபிஈ மத்ஹபின்படி ஸகாத் அவருக்கே உரிமையாக்கப்பட வேண்டும். பணத்துக்குரிய ஸகாத்தைப் பணமாகவே அவர் கையில் கொடுத்துவிட்டால், நாற்காலி வாங்குவதா, செவிப்புலன் கருவி வாங்குவதா, கோழி வளர்ப்பதா என்பதை அவரே தீர்மானிப்பார். பள்ளிவாசல் வாயிலில் சாய்தளம் கட்ட ஸகாத் பணத்தை எடுக்கலாகாது. அது எவருக்கும் தனியுரிமை ஆவதில்லை.

வெளிநாட்டு நிதியை ஏற்கலாமா என்று இளைஞர்கள் வினவுகின்றனர். எகிப்தின் முகவ்கிஸ் அனுப்பிய அன்பளிப்பை நபியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மார்க்கத்துக்கு முரணான நிபந்தனை இல்லாதவிடத்துத் தடையில்லை. ஜப்பானியத் தூதரகமும் அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயமும் சிறு சமூகத் திட்டங்களுக்கு உதவுவதுண்டு. எனினும் அரசாங்கங்களின் இத்தகைய நிதி பொதுவாக மதப் பணிகளுக்கன்று; பாடசாலை மலசலகூடம், தொழிற்பயிற்சி, சைகை மொழி வகுப்பு போன்றவற்றுக்குக் கேட்கலாம். அப்படியானால் பள்ளிவாசல் சாய்தளத்துக்கு யார் கொடுப்பது? நாமேதான், ஸதகாவிலிருந்து. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பதே சாய்தளத்தின் பொதுவான அளவு. ஒன்றரை அடி உயர வாயிற்படிக்கு 18 அடி. அதைச் சுருக்கிக் கட்டினால் நாற்காலி பின்னோக்கி உருளும். சாய்தளம் கட்டி, வுழூச் செய்யுமிடத்தின் படியை அப்படியே விட்டுவிடுவதும் நடக்கிறது.

சாய்தளம் போன்றவை வெறும் தயவாகக் கேட்கப்படுபவையல்ல. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. பொதுக் கட்டடங்களில் அணுகுவசதி இருக்க வேண்டுமென 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. 2011இல் உயர் நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. 2016இல் இலங்கை ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது.

பின்லாந்தில் 1998இல் மாற்றுத்திறனாளிகளே நிறுவிய அபிலிஸ் என்னும் நிதியம், மாற்றுத்திறனாளிகள் தாமே நடத்தும் சங்கங்களுக்கே முதலிடம் தருகிறது. நம் ஊரிலும் சங்கம் அமைப்பதாயின் தலைவர், பொருளாளர் பொறுப்புகளில் ஒன்றேனும் அவர்களிடம் இருக்கட்டும். கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களிடம் மதீனாவின் பொறுப்பையே ஒப்படைத்துவிட்டு நபியவர்கள் வெளியே சென்றதுண்டு.

சங்கம் முறைப்படி பதிவு செய்யப்பட்டதாகவும் தன் பெயரில் வங்கிக் கணக்கு உள்ளதாகவும் இருக்க வேண்டும். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரை முதலில் சந்தியுங்கள். கிடைக்கும் நிதி அமானிதம். கொடுத்தவர் எதற்கென்று கொடுத்தாரோ அதற்கன்றி, பந்தல் போடவோ ஒலிபெருக்கி வாங்கவோ அதில் ஒரு ரூபாயையும் தொட நமக்கு அனுமதியில்லை. மீதியிருந்தால் எழுதிக் கேட்டு, அனுமதி வந்தபின் செலவிடுங்கள்.