குறியும் கருவியும் – 9: கண்ணாடிக்குக் கீழே இருக்கும் இரும்பு

மும்பையின் மாஹிமிலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால், சில கிலோமீட்டருக்குள்ளேயே இந்தியத் துப்பாக்கி சுடும் விளையாட்டின் முக்கியமான இடங்கள் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. சிவாஜி பார்க்கை ஒட்டிய சாவர்க்கர் நினைவகத்தில் ரைபிள் பயிற்சி நடக்கிறது. அதற்கும் தெற்கே கீர்த்தி கல்லூரி. அங்கே என்.சி.சி. மாணவியாக ரைபிளைக் கையிலெடுத்த அஞ்சலி வேத்பாதக்தான், பிற்பாடு அஞ்சலி பாகவத் என்ற பெயரில் 2000 சிட்னி ஒலிம்பிக்கின் இறுதிச் சுற்றுவரை போனார். அவர் பயின்ற மகாராஷ்டிர ரைபிள் சங்கத்தின் சுடுகளம் வொர்லியில் இருக்கிறது. இந்தக் களங்களில் புழங்குவது பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரு குண்டு மட்டும் ஏற்றிச் சுடும் ரைபிள். அதில் சிறு துளை வழியாகக் குறி பார்க்க உதவும் பீப் சைட்டைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், அதே ஒற்றைக்குண்டு ரைபிளின் மேல் சிறிய ஸ்கோப் ஒன்றைப் பொருத்தும் வேலை. இதில் பணமும் பேச்சும் ஸ்கோப்பின் கண்ணாடியைச் சுற்றியே நடக்கின்றன. குறியைத் தீர்மானிப்பதோ அந்தக் கண்ணாடிக்குக் கீழே, ஸ்கோப்பை ரைபிளோடு பிடித்துவைக்கும் மவுண்ட். ஸ்கோப் எவ்வளவுக்கெவ்வளவு குட்டையோ, மவுண்ட் அவ்வளவுக்கவ்வளவு பிசகில்லாமல் இருக்க வேண்டும். இதுதான் என் வாதம்.

முதல் சான்று பம்பாயோடு தொடர்புள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் டேவிட்சன், ரைபிளுக்கான தொலைநோக்கி ஒன்றை வடிவமைத்து 1862இல் காப்புரிமை பெற்றார். அந்தக் காலத்து அமெரிக்க ஸ்கோப்புகள் குழல் நீளத்துக்கு ரைபிளின் முதுகில் படுத்திருந்தன. டேவிட்சனுடையது ஓரடிக்குச் சற்றுக் கூடுதல் நீளம்தான். அதை அவர் மேலே வைக்காமல் ரைபிளின் இடப்பக்கத்தில் மாட்டினார். அதற்குக் காரணம் இருந்தது. அன்றைய ரைபிள் வாய்வழியாக மருந்தும் குண்டும் இடித்து நிரப்பும் ஒற்றைக்குண்டு ரைபிள். விசைப்பொறியும் சுத்தியும் வலப்பக்கத்தில் இருந்தன; மேலே வழக்கமான இரும்பு சைட்டுக்கு வழி விட வேண்டும். தூரக்குறிக்குக் குழலை நன்றாக உயர்த்த வேண்டும். ஸ்கோப்புக்குள் திருகி அளவை மாற்றும் வசதியும் அப்போது இல்லை. ஆகவே ஸ்கோப் முழுவதையுமே சாய்க்கும்படி, மவுண்ட்டை அமைத்தார். தூரத்தைக் கணக்கிட்டு உயரம் கொடுக்கும் பொறுப்பு முழுவதும் கண்ணாடியிடம் இல்லை, மவுண்ட்டிடம் இருந்தது. குறைகளும் இருந்தன. கன்னத்தை ரைபிளின் கட்டையில் அழுத்தி வைக்க முடியாது. கண்ணை ஸ்கோப்புக்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டும். சுட்டதும் வரும் பின்னுதைப்பில் கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போனவர்கள் உண்டு. ஆனாலும் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குத் தரப்பின் குறிசுடுநர் சிலருடைய விட்வொர்த் ரைபிள்களில் இந்த ஸ்கோப்தான் இருந்தது.

அந்த ரைபிளைச் செய்த ஜோசப் விட்வொர்த் அடிப்படையில் ஆயுத வியாபாரி அல்லர். திருகுமரைக்கு 1841இல் முதன்முதலாக ஒரு பொது அளவை முன்வைத்தவர்; அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை அளக்கும் பொறியைச் செய்தவர். தாராவியிலோ குர்லாவிலோ லேத் பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு பி.எஸ்.டபிள்யூ. என்ற திருகுமரை அளவு தெரியும், அந்த டபிள்யூ இவர்தான். 1860 ஜூலையில் விம்பிள்டனில் ரைபிள் போட்டியைத் தொடங்கிவைக்க விக்டோரியா அரசி வந்தபோது, விட்வொர்த் தன் ரைபிளை ஓர் இரும்புத் தாங்கியில் இறுக்கி வைத்திருந்தார். அரசி பட்டுக் கயிற்றை இழுத்ததோடு சரி. 400 கஜத்துக்கு அப்பால் குண்டு நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் போய்ப் பதிந்தது. அந்தக் குண்டு பாயும்போது எந்தக் கண்ணும் குறி பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அசையாத பிடிப்பு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வேண்டியதில்லை.

இனி இன்றைய ரைபிளுக்கு வருவோம். ஒரு குட்டை ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் இரண்டு ரிங்குகளுக்கு நடுவே ஏழு சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு ரிங், ஒரு காகிதத் தாளின் கனம், அதாவது 0.1 மில்லிமீட்டர், நகர்ந்துவிட்டால் குறி 50 மீட்டரில் ஏழு சென்டிமீட்டர் தள்ளிப் போகும். 50 மீட்டர் ரைபிள் போட்டியில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். பத்து எடுத்திருக்க வேண்டிய குண்டு இரண்டாம் வளையத்துக்குப் போய்விடும். இதே 0.1 மில்லிமீட்டர் பிசகு பீப் சைட்டில் நேர்ந்தால்? அங்கே பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் இடையே 80 சென்டிமீட்டர் அளவுக்கு நீளம் கிடைக்கிறது. ஆகவே குறி ஆறு மில்லிமீட்டர் மட்டுமே விலகும். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். நீளம் தானாகவே பொறுத்துக்கொண்ட பிழையைக் குட்டை ஸ்கோப் பொறுக்காது. கடைகளில் சின்ன ஸ்கோப்பை எடை குறைவு, மாட்டுவது சுலபம் என்று சொல்லி விற்கிறார்கள். எடை குறைவு என்பது உண்மை. சுலபம் என்பதை இந்தக் கணக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

ஒற்றைக்குண்டு ரைபிளில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஏனென்றால் அதன் உடலமைப்பு ஒரே மாதிரி இல்லை. மார்ட்டினி போன்ற வகையில் குழல் உடலோடு திருகி இறுக்கப்பட்டிருக்கிறது. எதன் மேல் மவுண்ட் வைத்தாலும் குழலும் ஸ்கோப்பும் ஒரே துண்டாக நிற்கும். குழலை மடக்கித் திறக்கும் வகையில் அப்படியல்ல. ஒவ்வொரு குண்டுக்கும் குழல் கீலில் மடங்கித் திரும்பிப் பூட்டிக்கொள்கிறது. பூட்டு ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உட்காரும் என்று உத்தரவாதம் இல்லை. ஆகவே இந்த வகை வெடிரைபிளில் மவுண்ட்டைக் குழலின் மேலேயே வைக்க வேண்டும். நம் நாட்டில் பலரும் முதலில் தொடும் மடக்கு ஏர் ரைபிளில் அதற்கும் வழியில்லை. ஸ்கோப் பின்னாலுள்ள உருளையின் மேல்தான் உட்கார முடியும். குழல் தனியாக மடங்கும். நாளடைவில் கீல் தளர்ந்து குழல் லேசாகத் தொங்கிப்போனாலும் ஸ்கோப் வழியாகப் பார்ப்பவருக்குத் தெரியாது. இரும்பு சைட்டில் முன் சைட் குழல் நுனியிலேயே இருப்பதால் குழல் தொங்கினால் அதுவும் சேர்ந்து இறங்கும். ஆகவே குறியும் பெரும்பாலும் குழலோடு ஒத்தே நிற்கும். ஸ்கோப்புக்குக் குழலோடு அந்தத் தொடர்பு இல்லை. போதாக்குறைக்கு ஸ்ப்ரிங் ஏர் ரைபிளின் உதைப்பு இரண்டு திசையிலும் வருகிறது. பிஸ்டன் முன்னே பாயும்போது ரைபிள் பின்னே உதைக்கிறது. பிஸ்டன் முட்டி நிற்கும்போது ரைபிள் முன்னே இழுக்கப்படுகிறது. பின்னுதைப்பை மட்டும் கருதிச் செய்த ஸ்கோப் இதில் உள்ளே உடைந்துபோகும். மவுண்ட்டும் 11 மில்லிமீட்டர் டவ்டெயில் ரெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருக்கும். அதைத் தடுக்கும் ஸ்டாப்பர் பின் இல்லாத மவுண்ட்டை இந்த ரைபிளில் போடவே கூடாது.

மவுண்ட் கொஞ்சம் கோணலாக இருந்தால்தான் என்ன, ஸ்கோப்பில் குறியை நகர்த்தும் குமிழான டரட்டைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாமே என்று கேட்பார்கள். பாதி சரி. அசையாத கோணலை டரட் சரிசெய்யும். சுடச்சுட இடம் மாறும் மவுண்ட்டை எந்த டரட்டாலும் துரத்திப் பிடிக்க முடியாது. உதாரணமாக, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்கு முன்பான பயிற்சிக் குண்டில் அபினவ் பிந்த்ராவுக்குக் கிடைத்தது நான்கு மதிப்பெண். சைட் தன் இடத்தில் இல்லை. அவசரமாகச் சரிசெய்துகொண்டு சுட்டு, கடைசிக் குண்டில் 10.8 எடுத்து, மொத்தம் 700.5 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். அவர் கையிலிருந்தது பீப் சைட். மாறிய பிறகு அது புதிய இடத்திலேயே அசையாமல் நின்றது, அதனால் திருத்த முடிந்தது. நகர்ந்துகொண்டே இருக்கும் சைட்டாக இருந்திருந்தால் பிந்த்ராவின் திறமையாலும் பயன் இருந்திருக்காது. தவிர, கோணலைத் தீர்க்கவே டரட்டின் பெரும்பகுதி செலவாகிவிட்டால் காற்றுக்கும் தூரத்துக்கும் திருக மிச்சம் இருக்காது.

இன்னும் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பத்து மீட்டரில் சுடும் அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். கோலாப்பூரின் ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸில் வெண்கலம் வென்றதும் ஸ்கோப் இல்லாமல்தான். அப்படியிருக்க ஸ்கோப் எதற்கு? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். இளையவர்கள் பீப் சைட்டில் தொடங்குவதே முறை என்றும் நம்புகிறேன். ஆனால் அந்த அட்டை அசையாதது, வட்டமானது, சீரான வெளிச்சத்தில் இருப்பது. பீப் சைட்டின் வட்டத்துக்குள் அந்தக் கறுப்பு வட்டம் தானாகவே நடுவில் வந்து நிற்கும். குறி ஓடத் தொடங்கினால் நிலைமை வேறு. ஓடும் குறியைப் பத்து மீட்டரில் சுடும் போட்டி 1992 முதல் 2004 வரை ஒலிம்பிக்கில் இருந்தது. அதில் ஏர் ரைபிளில் நான்கு மடங்குவரை பெரிதாக்கும் ஸ்கோப்பை சர்வதேசச் சம்மேளனமே அனுமதித்தது. இன்னொரு காரணம் வயது. நாற்பத்தைந்தைத் தாண்டிய கண்ணுக்கு முன் சைட்டும் தூரத்து அட்டையும் ஒருசேரத் தெளிவாகத் தெரியாது. ஸ்கோப் குறுக்குக்கோட்டையும் குறியையும் ஒரே தளத்தில் கொண்டுவந்து வைக்கிறது. வயது காரணமாகக் களத்தை விட்டு விலக நினைப்பவருக்கு இது சாதாரண உதவி அல்ல.

ஸ்கோப் கையில் வந்தால் வேட்டை ஆசை வரும் என்று அஞ்சுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இங்கே பொழுதுபோக்கு வேட்டை குற்றம். அதில் எனக்கு முழுச் சம்மதம். இந்தக் கட்டுரை பேசுவது உரிமம் பெற்ற சுடுகளத்தையும் காகித அட்டையையும் மட்டுமே.

பொருத்தும் முறை நீளமானதல்ல. முதலில் ரைபிளில் குண்டு இல்லை என்று திறந்து பார்க்க வேண்டும். ரெயிலையும் மவுண்ட்டின் அடிப்பாகத்தையும் எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். கண் இருக்கும் தூரத்தை, சுடும் நிலையில் கன்னத்தை வைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். குறுக்குக்கோட்டின் செங்குத்தை ஒரு தூக்குக்குண்டு நூலோடு ஒப்பிட வேண்டும். .22 குண்டு 50 மீட்டரில் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தாழ்கிறது. குறுக்குக்கோடு கோணலாக இருந்து, அதனால் ரைபிள் மூன்று பாகை சாய்ந்தாலே குண்டு பக்கவாட்டில் ஆறேழு மில்லிமீட்டர் விலகிவிடும். ரிங் திருகுகளைக் கைப்பலத்தால் இறுக்காமல், அளவு காட்டும் டார்க் திருப்புளியால், ஒன்றுவிட்டு ஒன்றாக, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டர் அளவில், இறுக்க வேண்டும். பத்து மீட்டருக்கென்றால் பேரலாக்ஸ் அந்தத் தூரத்துக்குச் சரிசெய்த ஸ்கோப்தான் வேண்டும். நூறு மீட்டருக்கு அமைத்ததில் கண் கொஞ்சம் நகர்ந்தாலே குறுக்குக்கோடும் நகரும்.

களங்களை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். டார்க் திருப்புளி ஒன்றை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக வையுங்கள். புதிதாகச் சேர்பவர்களுக்குச் சுடக் கற்றுத்தருவதற்கு முன்னால் திருகு இறுக்கக் கற்றுத்தாருங்கள். பிள்ளைக்கு ஸ்கோப் வாங்கித்தர யோசிக்கும் பெற்றோர், அதற்கென ஒதுக்கிய தொகையில் மூன்றில் ஒரு பங்கை முதலில் நல்ல மவுண்ட்டுக்குக் கொடுங்கள். மிச்சத்தில் கிடைக்கும் ஸ்கோப் போதும்.