‘பாக்கலாம் அக்கா’ என்றால் என்ன அர்த்தம்? வீட்டு பார்ட்டி விற்பனையின் போட்டியும் ஏமாற்றமும்: ஒரு கணக்கு

தெரிந்த ஒருவர் வீட்டு ஹாலில் பத்துப் பெண்களை உட்கார வைத்து, டீ, பிஸ்கட் கொடுத்து, டப்பாவையோ கிரீமையோ செய்து காட்டி ஆர்டர் எடுப்பதுதான் வீட்டு பார்ட்டி விற்பனை. விற்பவரை நிறுவனங்கள் ‘கன்சல்டன்ட்’ என்கின்றன. இதில் கடை வாடகை கிடையாது, முதலாளி கிடையாது, நேரமும் நம் இஷ்டம். முதல் இரண்டு மாதம் நன்றாகவே போகும். மூன்றாவது மாதம் போன் செய்தால் ‘பாக்கலாம் அக்கா’ என்ற பதில் வர ஆரம்பிக்கும். ஆறாவது மாதம் பக்கத்து வீட்டுக்காரரே அதே கேட்டலாகோடு கிளம்பியிருப்பார்.

அந்த நேரத்தில் பெரும்பாலான கன்சல்டன்ட்களுக்குச் சொல்லப்படுவது ஒன்றுதான்: “உன் முயற்சி போதவில்லை.” இது எவ்வளவு தூரம் உண்மை? எண்களை வைத்துப் பார்ப்போம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

1946-ல் அமெரிக்காவில் ஏர்ல் டப்பர் என்பவர் டப்பர்வேர் பிளாஸ்டிக் டப்பாக்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கடைகளில் அவை சரியாக விற்கவில்லை. மூடியை அழுத்திக் காற்றை வெளியேற்றி மூட வேண்டும் என்பதை யாராவது செய்து காட்டினால்தான் வாங்குபவருக்குப் புரிந்தது. பிரவுனி வைஸ் என்ற பெண் அதை வீடுகளில் பார்ட்டி வைத்துச் செய்து காட்டி விற்றார். அவர் விற்ற வேகத்தைப் பார்த்த டப்பர், 1951-ல் அவரைத் துணைத் தலைவராக்கினார். கடைகளில் விற்பதையே நிறுத்தி, முழுக்க பார்ட்டி விற்பனைக்கு மாறினார்.

1954-ல் ‘பிசினஸ் வீக்’ இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் ஆனார் வைஸ். நன்றாக விற்றவர்களை மேடையேற்றிக் கைதட்டி, பரிசு கொடுத்துக் கொண்டாடும் பழக்கத்தைப் பெரிதாக வளர்த்ததும் அவர்தான். ஆனால் 1958 ஜனவரியில் அவரையே நிறுவனம் வெளியே அனுப்பியது. நிறுவனத்தில் அவருக்கு ஒரு பங்குகூட இல்லை. வழக்குப் போட்ட பிறகு சுமார் ஓராண்டுச் சம்பளம் மட்டுமே கிடைத்தது. அதே ஆண்டில் டப்பர் நிறுவனத்தை 1.6 கோடி டாலருக்கு விற்றார்.

இந்தத் தொழிலில் பாராட்டு தாராளமாகக் கிடைக்கும். அது வருமானத்துக்கோ உரிமைக்கோ உத்தரவாதம் ஆகாது என்பதற்கு, இந்த முறையை வளர்த்தெடுத்தவரின் கதையே சாட்சி.

டப்பர்வேர் 1996-ல் இந்தியாவுக்கு வந்தது. நகர்ப்புறக் குடும்பத் தலைவிகள் மூலமாகவே வளர்ந்தது. 2024 செப்டம்பரில் அதன் அமெரிக்கத் தாய் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. விலை குறைந்த மாற்று டப்பாக்களும் ஆன்லைன் விற்பனையும் வந்த பிறகு, ஒரு டப்பாவுக்காகப் பத்துப் பேர் ஹாலில் கூடுவது குறைந்துவிட்டது. ஒரு கன்சல்டன்ட் எவ்வளவு உழைத்தாலும் இதை மாற்றியிருக்க முடியாது.

இந்தியாவில் சராசரியாக எவ்வளவு விற்கிறார்கள்?

வீட்டு பார்ட்டி, நெட்வொர்க் மார்க்கெட்டிங் எல்லாம் சேர்ந்ததுதான் ‘நேரடி விற்பனை’. இந்திய நேரடி விற்பனைச் சங்கம் (ஐடிஎஸ்ஏ) வெளியிட்ட கணக்குப்படி, 2023-24-ல் இத்துறையின் மொத்த விற்பனை ₹22,142 கோடி. விற்பவர்கள் சுமார் 88 லட்சம் பேர். அவர்களில் 44 சதவீதம் பெண்கள்.

முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் ₹25,000 வரும். மாதத்துக்கு ₹2,100. கவனியுங்கள், இது விற்பனைத் தொகை, வருமானம் கிடையாது. அதில் 20 முதல் 25 சதவீதம் கையில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டாலும் மாதம் ₹420 முதல் ₹525 வரைதான்.

சராசரிக்குள் பல விஷயங்கள் மறைந்திருக்கும். சொந்த உபயோகத்துக்குத் தள்ளுபடி கிடைக்கும் என்பதற்காக மட்டும் பதிவு செய்தவர்களும் இந்த 88 லட்சத்தில் உண்டு. மாதம் லட்சம் சம்பாதிக்கும் சிலரும் உண்டு. அந்தச் சிலரைத்தான் மேடையில் பார்க்கிறோம்.

வெளிநாட்டு நிலவரமும் இதேதான். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை, பல அடுக்கு விற்பனை நிறுவனங்கள் தாங்களே வெளியிட்ட 70 வருமான அறிக்கைகளை ஆராய்ந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் அல்லது அதற்கும் குறைவாகவே கிடைத்திருக்கிறது. குறைந்தது 17 நிறுவனங்களில், பெரும்பாலானோருக்கு எதுவுமே கிடைக்கவில்லை.

ஆகவே, “எனக்கு மட்டும் ஏன் ஓடவில்லை?” என்று தோன்றினால், அந்தக் கேள்வியிலேயே ஒரு தவறு இருக்கிறது. பலருக்கும் ஓடுவதில்லை. ஓடாதவர்கள் மேடையேறுவதில்லை, அவ்வளவுதான்.

சின்ன ஊரில் போட்டி ஏன் இவ்வளவு கசக்கிறது?

பூவாரை எடுத்துக்கொள்வோம். நெய்யாறு கடலில் கலக்கும் ஊர். திருவனந்தபுரம் மாவட்டம், நெய்யாற்றின்கரை தாலுகா. தெற்கே பொழியூரைத் தாண்டினால் தமிழ்நாடு. உள்ளே பாறசாலை வழியாகப் போனால் களியக்காவிளை. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமும் போயின. ஆனால் சொந்தபந்தங்கள் இருபுறமும் இருக்கின்றன.

இப்படிப்பட்ட ஊரில் கன்சல்டன்ட் ஆகும் ஒரு பெண்ணின் ‘மார்க்கெட்’ எது? அக்கா, மைனி, சர்ச்சிலோ கோயிலிலோ பார்ப்பவர்கள், அயல்கூட்டத்துப் பெண்கள். கேரளத்தில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அடிப்படை அலகுதான் அயல்கூட்டம். பத்து முதல் இருபது பெண்கள் வாரந்தோறும் கூடிச் சேமிப்பும் கடனும் பேசுவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மகளிர் சுயஉதவிக் குழு. பார்ட்டி விற்பனைக்கும் தேவைப்படுவது இதே பெண்கள், இதே நம்பிக்கை.

ஒரு பேச்சுக்கு, கூப்பிட்டால் வரக்கூடிய வீடுகள் 40 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் நான்கு பேரை உங்களுக்குக் கீழே, அதாவது டவுன்லைனில் சேர்க்கிறீர்கள். சேருபவர்கள் யார்? உங்களிடம் அதிகம் வாங்கிய நான்கு பேர்தான். அந்த நாளில் இருந்து நான்கு நல்ல வாடிக்கையாளர்கள் குறைகிறார்கள், நான்கு போட்டியாளர்கள் கூடுகிறார்கள். அவர்களும் அதே வீடுகளுக்குத்தான் போவார்கள். மீதி 36 வீட்டை ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்குச் சுமார் ஏழு வீடு.

பெருநகரத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. சின்ன ஊரில் எதிரே நிற்கும். உங்களிடம் ‘இப்ப வேண்டாம்’ என்ற மைனி அடுத்த வாரம் இன்னொருத்தியிடம் வாங்கியிருப்பாள். அது துரோகமாகத் தெரியும். உண்மையில், ஒரே கிணற்றில் ஐந்து வாளி விழுந்திருக்கிறது. ஆள் சேர்த்ததற்கான கமிஷன் கொஞ்சம் மேலே போகும், உறவில் விழுந்த விரிசலோ ஊரிலேயே தங்கிவிடும்.

ஏமாற்றத்தை எப்படிக் கையாள்வது?

*‘வேண்டாம்’ என்பதை மூன்றாகப் பிரியுங்கள்.* ஒன்று, பொருள் பிடிக்கவில்லை அல்லது விலை அதிகம். இரண்டு, இப்போது கையில் காசு இல்லை. பள்ளி ஃபீஸ் மாதம், மீன்பிடித் தடைக்காலம் போன்றவை. மூன்று, ஏற்கெனவே இருக்கிறது. முதலாவது நிறுவனத்தின் பிரச்சினை. இரண்டாவது நேரத்தின் பிரச்சினை, இரண்டு மாதம் கழித்துக் கேட்கலாம். மூன்றாவது என்றால் அந்த வீட்டில் சந்தை முடிந்துவிட்டது. ‘உன்னைப் பிடிக்கவில்லை’ என்பது இந்த மூன்றிலுமே வருவதில்லை. ஒரு நோட்டில் எழுதி வைத்தால் இரண்டு மாதத்தில் எது அதிகம் என்று தெரிந்துவிடும். மூன்றாவது வகை பாதிக்கு மேல் போனால், அதற்கு மேல் ‘மோட்டிவேஷன்’ வீடியோ பார்த்துப் பயன் இல்லை.

*மணிக் கணக்கு போடுங்கள்.* ஒரு மாதிரிக் கணக்கு: மாதம் 4 பார்ட்டி, விற்பனை ₹12,000, மார்ஜின் 25 சதவீதம். கையில் ₹3,000. செலவு: பஸ், ஆட்டோ ₹400; டீ, பலகாரம் ₹480; வீடு கொடுத்தவருக்குப் பரிசு ₹600; செய்து காட்டும் பொருள், கேட்டலாக் ₹300; போன் ₹150; பொருளைக் கொண்டு போய்ச் சேர்க்க ₹250. மொத்தம் ₹2,180. மிச்சம் ₹820. கூப்பிடுவது, நடத்துவது, கொண்டு கொடுப்பது, காசு வாங்கத் திரும்பப் போவது என்று பார்ட்டிக்கு 6 மணி நேரம், மொத்தம் 24 மணி நேரம். அப்படியென்றால் மணிக்கு ₹34. எட்டு மணி நேர நாளுக்குச் சுமார் ₹273.

ஒப்பிட்டுப் பாருங்கள்: 2025-26-க்கு நிர்ணயிக்கப்பட்ட ஊரக வேலை உறுதித் திட்டக் கூலி கேரளத்தில் நாளுக்கு ₹369, தமிழ்நாட்டில் ₹336. உங்கள் எண் வேறாக இருக்கலாம், நன்றாகவும் இருக்கலாம். ஆனால் அந்த எண் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

*டார்கெட்டுக்காகச் சொந்தக் காசில் வாங்காதீர்கள்.* மாதக் கடைசியில் ‘லெவல்’ போய்விடக் கூடாதென்று ஐயாயிரம் ரூபாய்க்குத் தானே ஆர்டர் போடுவது இத்துறையில் சகஜம். நிறுவனத்தின் கணக்கில் அது விற்பனை. உங்கள் வீட்டில் அது கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பெட்டி. அயல்கூட்டக் கடனையோ நகைக் கடனையோ எடுத்து அப்படி வாங்கினால் வட்டியும் சேரும்.

*போட்டியாளரோடு பேசிவிடுங்கள்.* விலையைக் குறைத்து அடித்துக்கொண்டால் இருவரின் மார்ஜினும் போகும். ஒருவர் சமையலறைப் பொருள், ஒருவர் அழகுப் பொருள் என்றோ, ஒருவர் கடற்கரைப் பக்கம், ஒருவர் பாறசாலைப் பக்கம் என்றோ பிரித்துக்கொள்ளலாம். ஒரே வீட்டுக்கு மூன்று மாதத்துக்குள் இரண்டு பார்ட்டி வேண்டாம் என்று வாய்ப்பேச்சாக ஒப்புக்கொண்டாலே பாதிச் சண்டை குறையும்.

*ஒருமுறை மறுத்தவரிடம் உறவை விற்காதீர்கள்.* “எனக்காக ஒண்ணு வாங்கேன்” என்பது ஒரு தடவை வேலை செய்யும். அடுத்த தடவை உங்கள் போனை எடுக்கவே யோசிப்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2013 மே மாதம், கேரள போலீஸ் ஆம்வே இந்தியாவின் அப்போதைய தலைவர் வில்லியம் பிங்க்னியைக் கைது செய்தது நாடு முழுக்கப் பேசப்பட்டது. 1978-ம் ஆண்டின் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டத்தின் கீழ் வந்த குற்றச்சாட்டு அது. அவர் பிறகு ஜாமீனில் வந்தார். நேரடி விற்பனை எங்கே முடிகிறது, பிரமிட் திட்டம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியை அந்த வழக்கு பெரிதாக எழுப்பியது.

இப்போது அதற்கென்று 2021 டிசம்பர் 28-ல் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள் உள்ளன. எல்லைக்கு இருபுறமும் இவைதான் பொருந்தும். முக்கியமானவை:

- பிரமிட் திட்டம், பணச் சுழற்சித் திட்டம் இரண்டுக்கும் தடை. வருமானம் பொருள் விற்பதிலிருந்து வர வேண்டும், ஆள் சேர்ப்பதிலிருந்து வரக் கூடாது.
- நிறுவனம் விற்பவரோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்ய வேண்டும். சேர்ந்த பிறகு அபராதமில்லாமல் விலகுவதற்கான அவகாசம் எத்தனை நாள் என்று அதில் தேடிப் பாருங்கள்.
- அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் விற்பவர் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகக் கூடாது.
- நுகர்வோர் புகாரை 48 வேலை மணி நேரத்துக்குள் நிறுவனம் ஏற்க வேண்டும், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

கடைசி விதி கன்சல்டன்ட்டுக்கும் உதவும். பொருள் சரியில்லை என்று மைனி உங்களிடம் கோபப்பட்டால், அதை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாமல் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எப்போது நிறுத்துவது?

தொடங்கும்போதே ஒரு தேதியும் ஒரு எண்ணும் குறித்து வையுங்கள். உதாரணமாக, ஆறு மாதம், மணிக்கு ₹60. ஆறாவது மாதம் அந்த எண் வரவில்லையென்றால் நிறுத்தலாம். ‘இவ்வளவு போட்டுவிட்டோமே’ என்பது தொடர்வதற்குக் காரணம் ஆகாது; போட்ட காசு இருந்தாலும் போனாலும் திரும்பி வராது. பத்துப் பேர் முன் கூச்சமில்லாமல் பேசவும், கணக்கு எழுதவும், ஆர்டர் பிடிக்கவும் கற்றது உங்களோடுதான் வரும். சொந்தத் தயாரிப்பு ஊறுகாய்க்கும் தையலுக்கும் அதே திறமைதான் தேவை. அங்கே மார்ஜினை நீங்களே முடிவு செய்யலாம்.

இதைப் படிக்கும் பலர் பெங்களூருவிலோ சென்னையிலோ வேலையில் இருப்பீர்கள். இந்தத் தொழில் செய்வது உங்கள் அம்மாவோ அக்காவோ ஆக இருக்கலாம். “இதெல்லாம் ஏமாத்து வேலை, விடும்மா” என்று போனில் சொல்வதால் எதுவும் நடக்காது. முதன்முறையாகத் தன் பெயரில் ஒரு அடையாளம் கிடைத்த ஒருவரிடம் அது இன்னொரு மறுப்பு. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். வரவு, செலவு, மணி என்று மூன்று பத்தி போட்டுக் கொடுங்கள். மீதி முடிவை அவர்களே எடுப்பார்கள்.