துவைத்த பிறகும் போகாத வாடை!

'சோப்புப் போட்டு நல்லாத்தானே துவைக்கிறேன்... காய்ஞ்சப்புறமும் வாடை போக மாட்டேங்குதே!' கைக்குழந்தைக்குத் துணி நாப்கின் கட்டும் அம்மாக்கள் பலருக்கும் இந்தக் கவலை உண்டு.

சிறுநீரில் உள்ள யூரியாவை, துணியில் தங்கிவிட்ட பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. மூக்கில் ஏறும் நெடி அதுதான். உப்புத் தண்ணீராக இருந்தால் சோப்பு சரியாக நுரைக்காது. திரிதிரியாகத் துணியில் படிந்து அழுக்கையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னும் அதிகமாகச் சோப்புப் போட்டால் படிவதும் அதிகமாகும்!

என்ன செய்யலாம்?

* நனைந்த துணியைக் குவித்து வைக்காமல் உடனே பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள்.

* சோப்புத்தூளை அளவாகப் போட்டுத் துவைத்து, நுரை நிற்கும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி அலசுங்கள்.

* வாடை ஏறிவிட்ட பருத்தித் துணியை, சோப்பு போடாமல் கொதிக்கும் நீரில் 10 நிமிடம் வையுங்கள். நுரை வந்தால் பழைய சோப்பு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி அலசுங்கள்.

* நல்ல வெயிலில் உதறிக் காயப்போடுங்கள். அரை ஈரத்தோடு மடிக்காதீர்கள்.

நெடியடிக்கும் துணியில் பிளீச்சிங் பவுடர் போட வேண்டாம். அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

வாடையை மறைக்க அந்துருண்டை போடுவது அதைவிட ஆபத்து! அதிலுள்ள நாஃப்தலீன், ஜி-6-பி.டி. என்ற என்சைம் குறைவாகப் பிறந்த குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, கடுமையான மஞ்சள்காமாலையை உண்டாக்கிவிடும். அந்தக் குறைபாடு பார்த்தால் தெரியாது. எனவே, பாப்பா துணி இருக்கும் பீரோவில் அந்துருண்டைக்கு இடமே கூடாது.

துணி சுத்தமாக இருந்தும், அப்போதுதான் போன சிறுநீரிலேயே கெட்ட வாடை, கூடவே காய்ச்சல் என்றால்? துணியை விட்டுவிட்டு உடனே டாக்டரிடம் குழந்தையைக் காட்டுங்கள்.