மலை காத்த ஊர் – அரிட்டாபட்டித் தலங்கள்

பாண்டிநாட்டின் வைணவத் திருப்பதியாம் அழகர்மலைக்கும் மேலூருக்கும் இடையே, வயல்களும் கண்மாய்களும் சூழ, ஏழு பாறைக் குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்துள்ள சிற்றூர் அரிட்டாபட்டி. மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூரில் வானளாவிய இராசகோபுரமோ நெடிய திருச்சுற்று மாளிகையோ இல்லை. ஆயினும் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மாந்தர் வழிபட்டும், அறம் செய்தும், நீர் தேக்கியும் வாழ்ந்துவந்த தடயங்களை ஒரே குன்றைச் சுற்றி நடந்து காணத்தக்க ஊர்கள் தமிழகத்தில் மிகச் சிலவே.

இங்குள்ள கழிஞ்சமலையில் இயற்கையாய் அமைந்த குகைத்தளம் ஒன்று உள்ளது. அதன் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாது விலகி ஓடும்படி நீண்ட காடி ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது. துறவியர் நனையாதிருக்க வேண்டுமே என்ற கரிசனம் அக்காலத்துக் கல்தச்சனுக்கு இருந்தது. காடியின் கீழே தமிழ் எழுத்தின் மிகப் பழைய வடிவமாகிய தமிழிக் கல்வெட்டு காணப்படுகிறது. நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் என்பான் இக்குகையைக் கொடுத்தான் என்பது அதன் செய்தி. 2003ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட மற்றொரு கல்வெட்டு, இலஞ்சியைச் சேர்ந்த எமயவன் என்பானின் கொடையைக் கூறுகிறது. இன்றைய திருநெல்வேலியும் குற்றாலத்தருகே உள்ள இலஞ்சியுமே இவ்வூர்கள் என்று கருதுவோர் உளர். அங்ஙனமாயின், பல நாள் வழிநடைத் தொலைவிலிருந்து வந்து, தமக்கென ஏதும் வேண்டாத சமணத் துறவியர்க்கு உறைவிடம் அமைத்துத் தந்தவர்கள் இவர்கள். மதுரைப் பகுதியில் இத்தகைய குகைகளின் கற்படுக்கைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்று வழங்குவது மக்கள் வழக்கு. அதில் வரலாறு இல்லை. ஆனால் இடத்தின்மீது பக்தி உண்டு. அந்தப் பக்தியே பல குகைகளைக் காத்தது எனலாம்.

குகையின் அருகே பாறையில் தீர்த்தங்கரரின் திருமேனி ஒன்று புடைப்புச் சிற்பமாக விளங்குகிறது. இது கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தது. இதன்கீழ் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு இம்மலையைத் திருப்பிணையன் மலை என்று குறிக்கிறது. பொற்கோட்டுக் கரணத்தார் பெயரால் இத்திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி என்னும் சமண முனிவர். அழகர்மலை, கருங்காலக்குடி, ஐவர்மலை முதலிய இடங்களிலும் இவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. நடந்தே திரிந்து, சமணம் நலிவுற்றிருந்த காலத்தில் அதற்குப் புத்துயிர் ஊட்டியவர் அவர்.

இக்கல்வெட்டின் இறுதிப் பகுதியே அன்பர்கள் நின்று எண்ணிப் பார்க்கத்தக்கது. இத்திருமேனி பாதிரிக்குடியாரின் ரட்சை, அதாவது அவர்தம் பாதுகாப்பில் உள்ளது என்று அது கூறுகிறது. செய்வித்தவர் முனிவர், எவர் பெயரால் செய்யப்பட்டதோ அவர் ஊர்க்கணக்கர், காக்கும் பொறுப்போ ஓர் ஊரார் முழுமைக்கும் உரியது. பழங்காலத்து அறங்கள் பெரும்பாலும் இவ்வாறே அமைந்தன. கொடுப்பவன் ஒரு நாள் கொடுத்துவிட்டுப் போகலாம். காப்பவன் நாள்தோறும் காக்க வேண்டும் அன்றோ?

அதே மலையின் மற்றொரு பகுதியில் சிவபெருமானுக்குரிய குடைவரைக் கோயில் உள்ளது. கி.பி. 7, 8ஆம் நூற்றாண்டுகளில் பாண்டியர் காலத்தில் குடையப்பட்டது. ஊர்மக்கள் இதனை இடைச்சி மண்டபம் என்பர். கருவறையில் இறைவன் இலிங்கத் திருமேனியாய் எழுந்தருளியுள்ளார். இக்குடைவரையில் விநாயகப் பெருமானும் இலகுலீசரும் சிற்ப வடிவில் காட்சி தருகின்றனர். இலகுலீசர் பாசுபத நெறியை நிறுவியவர். கூர்ச்சர தேசத்துக் காயாரோகணம் என்னும் தலத்தோடு தொடர்புடையவர். கையில் தடி ஏந்தியவராதலின் இப்பெயர் பெற்றார். இவர் திருவுருவம் தமிழகத்தில் அரிதாகவே கிடைக்கிறது. கூர்ச்சரத்தில் தோன்றிய நெறியொன்று பாண்டிநாட்டின் ஒரு சிற்றூர்ப் பாறைக்குள் குடியேறியிருப்பது வியப்பே. பல சிவத்தலங்களில் வழிபட்ட அன்பர்களும் இவரைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆதலின் விரைந்து கடந்து செல்லாமல் நின்று தரிசித்தல் வேண்டும்.

சமணக் குகையும் சிவன் கோயிலும் ஒரே மலையில் நிலைத்திருப்பதையும் ஈண்டுக் கருத வேண்டும். சமயவாதங்கள் நிகழ்ந்த காலமும் இந்நாட்டில் உண்டு. எனினும் இவ்வூரில் ஒன்றை அழித்து மற்றொன்று எழவில்லை. பாறை இரண்டுக்கும் இடம் தந்தது.

இவ்வூரின் நீர்நிலைகளும் தலங்களுக்கு ஒப்பானவையே. வெற்றுப் பாறையில் விழும் மழை மண்ணில் ஊறுவதில்லை. வழிந்து சுனைகளில் தங்கும், மிகுந்தது ஓடைவழியே அடிவாரக் கண்மாய்களை அடையும். ஒரு கண்மாய் நிறைந்ததும் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்ததை நிரப்பும். ஏழு குன்றுகளையும் சார்ந்து 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் உள்ளன என்று அரசு அறிவிக்கை கூறுகிறது. அவற்றுள் ஆனைகொண்டான் ஏரி பாண்டியர் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது. மடையின் அருகே நின்று மலையை ஏறிட்டு நோக்குவோர்க்கு, பாறை இன்றேல் பாசனம் இல்லை என்பது தானே விளங்கும்.

இதனை நன்கறிந்தவர்கள் இவ்வூரார். மேலூர் வட்டாரத்தில் எத்தனையோ குன்றுகள் கருங்கல் குவாரிகளால் உருவழிந்தன. அங்கு நடந்த முறைகேடுகள் 2012இல் வெளிச்சத்துக்கு வந்தமை நாடறிந்த செய்தி. அரிட்டாபட்டிக் குன்றுகளோ முழுமையாய் நிற்கின்றன. 2022 நவம்பரில், அரிட்டாபட்டியிலும் அண்டையிலுள்ள மீனாட்சிபுரத்திலுமாக 193.215 ஹெக்டேர் பரப்பு தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. வல்லூறு, இராசாளி முதலாய ஏறத்தாழ 250 வகைப் பறவைகளும், தேவாங்கும், அலங்கும் இங்கு வாழ்கின்றன.

அதன் பின்னரும் சோதனை வந்தது. 2024 நவம்பரில், இவ்வூரையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டித் தொகுதியில் டங்ஸ்டன் கனிமம் எடுக்கும் உரிமைக்கான ஏலம் முடிவாயிற்று. தொகுதியின் பரப்பு 2,015.51 ஹெக்டேர். ஊர்கள் திரண்டன, கிராம சபைகளில் தீர்மானங்கள் நிறைவேறின, டிசம்பர் 9ஆம் நாள் சட்டமன்றமும் ஒருமனதாய்த் தீர்மானம் இயற்றிற்று. 2025 ஜனவரி 7ஆம் நாள் மக்கள் மதுரை நோக்கிப் பேரணியாய் நடந்தனர். அம்மாதம் 23ஆம் நாள் நடுவண் அரசு ஏலத்தை நீக்கியது. பாதிரிக்குடியார் ஏற்ற ரட்சை இன்று எவ்வூரார் கையில் உள்ளது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

நேரம் உள்ளவர்கள் மீனாட்சிபுரத்தை ஒட்டிய ஓவாமலையையும் காணலாம். ஆய்வுலகில் மாங்குளம் கல்வெட்டுகள் என்று புகழ்பெற்றவை இங்குள்ளன. இராபர்ட் சீவெல் 1882இல் கண்டறிந்து வெளிப்படுத்தியவை இவை, 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இவ்வகை எழுத்துகளின் மொழி தமிழே என்று காட்டினார். கணி நந்தன் என்னும் துறவிக்குப் பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் வழுதி பள்ளி அமைத்துக் கொடுத்ததையும், வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினர் செய்த அறத்தையும் இவற்றில் காணலாம். நெடுஞ்சாலையில் உள்ள வெள்ளரிப்பட்டியே அவ்வெள்ளறை என்பது அறிஞர் கருத்து. மன்னனின் அலுவலனும் வணிகரும் ஒரே மலையில் கொடையாளராய் நிற்கின்றனர்.

இவ்விடங்களுக்குச் செல்லும் அன்பர்கள் கல்வெட்டின்மீது சுண்ணக்கட்டியால் எழுதுதல், எண்ணெய் பூசுதல், பெயர் கீறுதல் ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். எழுத்து தெளிவாய்த் தெரியட்டும் என்ற நல்லெண்ணத்துடன் சுண்ணம் தீட்டுவோரும் உளர், அதுவும் கேடே. சுனைநீரில் கை கால் கழுவுதலும், பறவைகள் கூடுகட்டும் பாறை இடுக்குகளின் அருகே ஓசை எழுப்புதலும் கூடா. உணவும் குடிநீரும் உடன் கொண்டுசெல்லல் நன்று. வெயில் ஏறியபின் பாறை கடுமையாய்ச் சுடுமாதலால், விடியற்காலையில் மலையேறி முற்பகலிலேயே இறங்கிவிட்டால், அன்றே அழகர்கோயில் சென்று பெருமாளையும், பழமுதிர்சோலை முருகனையும் வழிபட்டுத் திரும்பலாம்.