முத்திரையில் ஓடும் தபால்காரன்

புகைரத மார்க்கம் 1928ஆம் ஆண்டில் மட்டக்களப்பை எட்டிய பின்னர், சென்னையிலே எழுதிப் போடப்பட்ட ஒரு கடிதம் 'போட் மெயில்' ரயில் ஏறித் தனுஷ்கோடி சேர்ந்து, 1914இல் ஆரம்பமான நீராவிக் கப்பற் சேவையால் தலைமன்னாருக்குக் கடந்து, மாகோ சந்தியில் வழி பிரிந்து, மட்டக்களப்பு நகரின் நாற்புறமும் நீர் சூழ்ந்த புளியந்தீவை அடைவது சாத்தியமாயிற்று.

1937ஆம் ஆண்டுக்குப் பிந்திய கடிதமாயின், அதன் மூலையில், ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகத்துக்கு அருகே, தபால் சுமந்தோரின் சரித்திரமே சித்திரமாக ஒட்டப்பட்டிருத்தல் கூடும். அவ்வாண்டில் இந்தியா வெளியிட்ட வரிசையில், இரண்டணா முத்திரையிலே ஓட்டக்காரன் விரைகின்றான். துஷ்ட மிருகங்களை விரட்டவும் தன் வரவை முன்னறிவிக்கவும் மணி கட்டிய ஈட்டி ஏந்தி, காட்டுவழியே பைகளைச் சுமந்தோடிய வம்சத்தின் பிரதிநிதி அவன். மாட்டுவண்டி, டோங்கா என்னும் குதிரைவண்டி, ஒட்டகம், ரயில், கப்பல், லாரி என விலை ஏற ஏற வேகமும் ஏறி, பன்னிரண்டணாவில் விமானம் பறக்கின்றது. ஒட்டகம் டோங்காவை முந்துமா என்று மட்டும் கேளாதிருப்போமாக! நினைவு முத்திரை என்ற பட்டம் இவற்றுக்கு இல்லை. ஆயினும் அப்பட்டம் பெற்ற பலவற்றினும் இவையே நினைவை நன்கு போற்றுவன என்பது என் அபிப்பிராயம்.

இலங்கையிலோ, கொழும்பு - கண்டி வீதியில் 1832இலேயே தபால் கோச்சு ஓடியது. முதல் முத்திரை 1857இல் விக்டோரியா ராணியின் சிரசுடன் வந்தது. அதன் நூற்றாண்டு 1957இல் நினைவு முத்திரைகளால் கொண்டாடப்பட்டது. அக்கடிதம் கடந்துவந்த தனுஷ்கோடி மார்க்கமோ 1964 டிசம்பர்ப் புயலோடு அற்றுப்போயிற்று.